ஏஇசட் எடுத்தாச்சு, முதல் வேலையே ரீஃபர்: போகலாமா?

கேள்வி: ஸ்காபரோ பொடியன்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம்தான் ஏஇசட் லைசென்ஸ் (கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ட்ரெய்லர் இழுக்கிற பெரிய ட்ரக் ஓட்டுவதற்கானது) கையில் வந்தது. அதற்குக் கட்டாயமான மெல்ட் என்கிற ட்ரெய்னிங் கோர்ஸ் 103.5 மணி நேரம் முடித்து, ரோட் டெஸ்டில் முதல் தடவை பின்பக்கம் எடுக்கும்போது கோட்டில் ஏறி ஃபெயில், இரண்டாம் தடவை பாஸ். அதற்கு முன் ஐந்து வருடம் மார்க்கம் நகரில் ஒரு வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். ட்ரெய்லருக்குள் பலட் (சரக்குப் பெட்டி அடுக்கின தட்டு) எப்படி அடுக்குவது என்று தெரியும், அந்த ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போவதுதான் புதுசு.

வேலை தேடினால் எல்லா இடத்திலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள், இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாதாம். கடைசியில் இரண்டு இடம் சரி என்றது. ஒன்று ட்ரை வேன், அதாவது குளிர் மெஷின் இல்லாத சாதாரண மூடின ட்ரெய்லர், ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் இடையில் மட்டும், காசு குறைவு. மற்றது மிசிசாகாவில் ஒரு ரீஃபர் கம்பனி, அதாவது குளிர் மெஷின் பூட்டின ட்ரெய்லர். ஆறு வாரம் ட்ரெய்னரோடு போக வேண்டும், பெரும்பாலும் கலிபோர்னியா ஓட்டம், போகும்போது இறைச்சி, வரும்போது மரக்கறி, பழம். காசு நல்லது என்கிறார்கள். சிட்டிசன்ஷிப் இருப்பதால் போர்டரில் எனக்கு விசா பிரச்சினை இல்லை.

என் பயம் எல்லாம் மூன்று நான்கு விஷயம்தான். ரீஃபர் மெஷின் தலைமாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது மனுஷன் நித்திரை கொள்ள முடியுமா? சரக்கு பழுதானால் என் சம்பளத்தில் வெட்டுவார்களா? முன்னப்பின்னத் தெரியாத ஒருவரோடு ஆறு வாரம் ஒரே கேபினில் எப்படி? குளிர்காலம் வேறு வருகிறது. அம்மா "முதல்ல பக்கத்தில ஓடிப் பழகடா" என்கிறா. கூட்டாளி ஒருவன் "ரீஃபரில் பழகினவனுக்கு மற்றதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? உண்மையில் ரீஃபர் இழுத்தவர்கள் சொல்லுங்கள்.


பதினெட்டுச் சில்லு

தம்பி, பதின்மூன்று வருடமாக ரீஃபர்தான் இழுக்கிறேன். அதனால் நான் சொல்வதில் பக்கச்சார்பு இருக்கும், கழித்துக்கொண்டு வாசியுங்கோ.

நித்திரையை முதலில் முடித்துவிடுவோம், எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். முதல் மூன்று இரவு வராது. நாலாவது இரவு களைப்பில் வரும். அதற்குப் பிறகு மெஷின் ஓடும்போது நித்திரை வரும், நின்றால்தான் முழிப்பு வரும். வேடிக்கையாகச் சொல்லவில்லை. மரக்கறி லோட் என்றால் மெஷின் இடைவிடாமல் ஓடும்படி போடுவோம், அது ஒரே சத்தம், காது பழகிவிடும். ஃப்ரோஸன் என்றால் பெரும்பாலும் நின்று நின்று ஓடுகிற மோட். இரவு இரண்டு மணிக்கு அது திடீரென்று உறுமிக்கொண்டு கிளம்பும்போதுதான் தூக்கிவாரிப்போடும். ஆனால் அந்தக் காது உங்களுக்கு வேண்டும். ஒருமுறை நெப்ராஸ்காவில் ஐ-80 ஓரம் படுத்திருந்தபோது சத்தம் இல்லாததால்தான் எழும்பினேன், எழும்பிப் பார்த்தால் மெஷின் அலாரம் போட்டு நின்றுபோய் இருக்கிறது, பின்னால் முழுக்க ஸ்ட்ரோபெரி.

இனி வேலைக்கு வருவோம். ட்ரெய்லரின் நெற்றியில் இருக்கிற மெஷின் சரக்கைக் குளிராக்குகிற மெஷின் இல்லை. குளிராக வந்த சரக்கை அதே குளிரில் வைத்திருக்கிற மெஷின். வீட்டு ஃப்ரிஜ்ஜுக்குள் கொதிக்கிற குழம்புச் சட்டியை வைத்தால் என்ன நடக்கும், அதே கதைதான், இங்கே சட்டி இருபது டன். காற்று மேலே கூரையோடு இருக்கிற துணிக் குழாய்க்குள்ளால் கடைசிக் கதவு வரைக்கும் போய், கீழே இறங்கி, தரையில் உள்ள பள்ள வரிகளுக்குள்ளால் முன்னுக்குத் திரும்பி வர வேண்டும். அந்தச் சுற்று எங்கே அடைபட்டாலும் அங்கே சரக்கு பழுதாகும். துணிக் குழாய் கிழிந்திருந்தால் முன் பலட் உறையும், பின் பலட் அவியும். தரை வரிக்குள் பழைய கடதாசி மட்டை அடைத்துக் கிடக்கும், அதைக் கிளறி எடுக்கிற வேலை உங்களுக்குத்தான். உள்சுவரில் மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அதற்கு மேல் பெட்டி அடுக்கவிடாதேயுங்கோ. நீங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவர், இதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். அந்த ஐந்து வருடத்தை லேசாக எடைபோடாதேயுங்கோ.

நான் கட்டின ஃபீஸைச் சொல்கிறேன். எனக்கு ட்ரெய்னிங் ஐந்தாவது வாரம், யூலை மாதம், சலினாஸ். லெட்டூஸ், பில்லில் (சரக்கோடு வருகிற கடதாசியில்) 34 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது செல்சியஸில் 1. லெட்டூஸ் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே உறைந்துபோகும், ஆகவே கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, ஒரு நூலில் நிற்கிற மாதிரி. வயலில் வெட்டினதை வாக்குவம் கூலருக்குள் தள்ளி அரை மணி நேரத்தில் சூட்டை இறக்கிவிட்டுத்தான் ஏற்றுவார்கள். அன்றைக்கு அவசரம். ட்ரெய்னர் கேபினுக்குள் பங்க் கட்டிலில் படுத்திருந்தார், "போய்ச் சைன் பண்ணிட்டு வா" என்றார். நானும் ட்ரெய்லரை முன்கூட்டியே 34க்குக் குளிராக்கி வைத்திருந்தேன், கழுவின ரசீது கையில் இருந்தது, எல்லாம் சரி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெட்டிக்குள் ஊசித் தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்கவில்லை. 4,300 கிலோமீட்டர் ஓடி ரொறன்ரோவுக்கு வந்து கதவைத் திறந்தால், கடைசி நாலு பலட் இலையெல்லாம் விளிம்பு மண்ணிறம். சரக்கைப் பொறுப்பெடுத்தவர் தெர்மாமீட்டரைக் குத்தினார், 44. மெஷினுக்குள் இருக்கிற பதிவை இறக்கிப் பார்த்தோம், நாலு நாளும் 34ஐ விட்டு அசையவில்லை. அப்படியென்றால் சரக்கு ஏறும்போதே சூடு. ஆனால் அதை நிரூபிக்க பில்லில் ஒரு எழுத்து இல்லை. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று என் கையெழுத்துத்தான் இருக்கிறது.

அதுதான் ரீஃபரில் முழு வித்தை. பில்லில் ஒரு டிகிரி எழுதியிருக்கும், மெஷின் ஒரு டிகிரி காட்டும், சரக்கின் வயிற்றுக்குள் ஒரு டிகிரி இருக்கும். மூன்றும் ஒன்றா என்று சைன் வைக்க முதல் பாருங்கோ. ஒவ்வொரு பலட்டிலும் முடியாது, முன்னுக்கு ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று குத்திப் பார்த்து, இலக்கத்தை பில்லிலேயே எழுதுங்கோ. சில இடத்தில் ட்ரைவரை டாக்குக்குள் (சரக்கு ஏற்றி இறக்குகிற மேடைக்குள்) விடமாட்டார்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. "ட்ரைவரை உள்ளே விடவில்லை, சரக்கின் சூடு பார்க்கவில்லை" என்று பில்லில் எழுதிவிட்டுச் சைன் வையுங்கோ. எழுதியதும் அவர்கள் முகம் மாறும், அது வேறு கதை. சூடு கூட என்றால் கதவைச் சாத்தாமல் கம்பனிக்கு ஃபோன். லேட் ஆகட்டும். லேட்டுக்கு ஏச்சு விழும், பழுதான லோடுக்குக் கிளெயிம், அதாவது நட்டஈட்டுக் கோரிக்கை, வரும்.


நாமக்கல்காரன்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் வேற பக்கத்திலிருந்து சொல்றேன். ஊரில் எட்டு வருஷம் லாரி, நாசிக்கில் திராட்சை ஏற்றிச் சென்னைக்கு ஓட்டியிருக்கேன். அங்கே குளிர்சாதனம் என்றால் தார்ப்பாயும் வேகமும்தான், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பழம், இல்லையென்றால் ஊறல். அப்படி ஓட்டிப் பழகினவனுக்கு இங்கே வந்து ரீஃபரில் ஏறியதும் முதல் பாடம், வேகத்தை மற என்பதுதான். பெட்டிக்குள் டிகிரி சரியாக இருந்தால் சரக்குக்கு அவசரம் இல்லை, அவசரம் எல்லாம் அப்பாயின்ட்மென்ட்டுக்குத்தான்.

ட்ரெய்னர் விஷயம் கேட்டீங்க. ஊரில் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆன எவனையும் கேளுங்க, வாத்தியார் நல்லவரா கெட்டவரா என்பது முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துவிடும். இங்கே அதற்குச் சமமான சோதனை ஒன்று இருக்கு. முதல் வாரம் நீங்க ஓட்டும்போது அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாரா, பின்னால் போய்ப் படுக்கிறாரா? இரண்டாம் நாளே படுத்துவிட்டால் அது ட்ரெய்னிங் இல்லை, அரைச் சம்பளத்துக்கு மாறி மாறி ஓட்ட ஒரு டீம் டிரைவர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். கம்பெனியிடம் முன்கூட்டியே கேளுங்க, எத்தனை நாள் அவர் முன் சீட்டில் இருப்பார் என்று. பதில் இழுத்தால் புரிந்துகொள்ளுங்க.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராத ஒன்று. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும். நியூ பிரன்ஸ்விக்கில் ஃப்ரோஸன் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் ஏற்றி பென்சில்வேனியா போகிற லோட். பில்லில் "-10" என்று மட்டும் இருந்தது, பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. எங்க யார்டு ட்ரெய்லர், மெஷின் செல்சியஸில் இருந்தது. நான் -10 தட்டிவிட்டு, பச்சை விளக்கு எரிகிறதைப் பார்த்துக் கிளம்பிட்டேன். வாங்குகிறவர் அமெரிக்கா, அவர் சொன்ன -10 ஃபாரன்ஹீட். அது செல்சியஸில் -23. ஹவுல்ட்டன் போர்டரைத் தாண்டி மெய்ன் உள்ளே இரண்டு மணி நேரம் போனதும் ட்ரெய்னர் எழுந்து வந்து கண்ணாடியில் பின்னால் மெஷின் டிஸ்ப்ளேயைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொன்னார், இறங்கிப் போனார், மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, "எந்த நாட்டு மைனஸ் பத்துன்னு கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். பஞ்சாப்காரர், இந்தியில்தான் சொன்னார், நான் மனசுக்குள் தமிழில் வைத்திருக்கேன். உறைந்து வந்த சரக்கு, கதவும் திறக்கவில்லை, அதனால் தப்பித்தது. அதே ட்ரெய்லரில் ஐஸ்கிரீம் இருந்திருந்தால், அதற்கு -20 ஃபாரன்ஹீட் வேணும், அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

டிஃப்ராஸ்ட் பற்றியும் சொல்லிடறேன், இல்லையென்றால் முதல் ராத்திரி பயந்துவிடுவீங்க. நடுவில் மெஷின் தானாகவே காயிலில் படிந்த ஐஸை உருக்கும், அப்போது டிஸ்ப்ளேயில் டிகிரி கிடுகிடுவென்று ஏறும். பத்து இருபது நிமிஷத்தில் இறங்கிவிடும். நான் முதல் தடவை ட்ரெய்னரை எழுப்பி வாங்கிக் கட்டிக்கிட்டேன். அடிக்கடி டிஃப்ராஸ்ட் போகிறது என்றால் மட்டும் கவனிக்கணும், ஏற்றும்போது மெஷினை ஓடவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தால் வெளிக்காற்று ஈரமெல்லாம் உள்ளே போய் காயிலில் ஐஸாகப் பிடிக்கும். டாக்கில் நிற்கும்போது மெஷினை நிறுத்திடுங்க.

ஒரு தகவல், வேலைக்கு உதவாது, ஆனால் எனக்குப் பிடிக்கும். லாரிக்கு இந்தக் குளிர் மெஷினைச் செய்தவர் ஃபிரெடெரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்ற கறுப்பின மெக்கானிக். 1930களின் கடைசியில் மினியாபொலிஸில் செய்தார். ஒழுங்கான பள்ளிப்படிப்பு இல்லை, எல்லாம் கையால் கற்றது. தெர்மோ கிங் அவரும் அவர் முதலாளியும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான். அமெரிக்க அரசு தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தது 1991ல், அவர் செத்து முப்பது வருஷம் கழித்து. ராத்திரி மெஷின் சத்தத்தில் தூக்கம் வராதபோது இவரைத்தான் திட்டுவேன், அப்புறம் பாவம் என்று விட்டுடுவேன்.


ட்ரை வேன் மட்டும்

நான் ஒருத்தன் மாற்றிச் சொல்கிறேன். ட்ரை வேனுக்குப் போங்க. பின்பக்கம் எடுப்பதே ஒழுங்காக வராத ஒருவர், முதல் வருடத்தில் கியர், பனி, இஎல்டி (ஓட்டுகிற நேரத்தைப் பதிகிற மெஷின்), போர்டர், அதோடு மெஷின், டிகிரி, சீல் (கதவில் போடுகிற இலக்கமிட்ட முத்திரை), லம்பர் (இறக்குகூலி) எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தலையில் போட்டுக்கொள்ள வேண்டுமா? ரீஃபர்காரர்கள் சொல்லாத விஷயம், காத்திருப்பு. மளிகை வேர்ஹவுஸில் விடியற்காலை மூன்று மணி அப்பாயின்ட்மென்ட், பலட் பிரித்து இறக்கி முடிக்க ஒன்பது மணி. சக்கரம் உருண்டால்தான் காசு, நின்றால் இல்லை. அம்மா சொல்வது சரி.


டிஸ்பாட்ச் மேசை

தம்பி, நான் ஓட்டினதில்லை, பதினொரு வருடமாக ஓட்டுகிறவர்களுக்கு லோட் கொடுக்கிற மேசையில் இருக்கிறேன். மேலே உள்ள அண்ணாமார் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி டிகிரி இல்லை, சம்பளம் எப்படிக் கொடுப்பார்கள் என்பது. டி4 (சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்குக் கொடுக்கிற வரிச் சீட்டு) கொடுக்கிற வேலையா, இல்லாவிட்டால் "நீ ஒரு கம்பனி பதிஞ்சு இன்வாய்ஸ் போடு" என்கிற வேலையா? அவர்கள் ட்ரக், அவர்கள் எரிபொருள், அவர்கள் சொன்ன நேரம், ஆனால் நீங்கள் மட்டும் தனிக் கம்பனி என்றால் அதற்கு இங்கே ட்ரைவர் இன்க் என்றே பெயர். கையில் காசு கூடத் தெரியும். விடுமுறைக் காசு இல்லை, இஐ (வேலை இழந்தால் வருகிற காப்புறுதி) இல்லை, அடிபட்டால் பார்க்க ஆள் இல்லை. வரித் திணைக்களம் அதைப் பெர்சனல் சர்வீசஸ் பிஸ்னஸ் என்று எடுத்தால், சிறு வியாபாரத்துக்கான வரிக்குறைப்பும் கிடைக்காது. மாகாணம் தாண்டி ஓடுகிற தொழிலாளிக்குக் கனடா தொழிலாளர் சட்டத்தில் வருடம் பத்து நாள் வரை சம்பளத்தோடு சுகவீன விடுப்பு சேரும். இன்வாய்ஸ்காரனுக்குச் சுகமில்லை என்றால் அன்றைக்குச் சைபர். "பழுதானால் வெட்டுவார்களா" என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குப் பதிலும் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது. எழுத்தில் வாங்குங்கோ, கிளெயிம் வந்தால் யார் கட்டுவது, ட்ரெய்னிங் நடுவில் விட்டால் ஏதாவது திருப்பிக் கட்ட வேண்டுமா என்று. டெப்பாசிட் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கோ.

அடுத்தது லாக், அதாவது ஓட்டின நேரப் பதிவு. அமெரிக்காவுக்குள் பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேர ஜன்னலில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம், எட்டு மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். கனடாவில் 13 வரை ஓட்டலாம். டாக்கில் காத்திருக்கும் நேரமும் அந்த 14ஐத் தின்னும், புதுசாக வருகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். இன்னொரு மாட்டல், ட்ரெய்னர் தன் நேரம் முடிந்ததும் உங்கள் பெயரில் லாக்இன் பண்ணி ஓட்டுவது. "ஒரு மணித்தியாலம்தானே தம்பி" என்பார். பாஸ்வேர்டைச் சொல்லாதேயுங்கோ. பிடித்தால் பெயர் உங்களுடையது.

லம்பர் என்றால் இறக்கிக் கொடுக்கிற ஆட்களுக்குக் கொடுக்கிற கூலி, கம்பனிதான் கட்டும். மேசைக்கு மெசேஜ் போட்டால் காசு கட்டுகிற கோட் இலக்கம் அனுப்புவோம், உங்கள் கார்டைத் தேய்க்காதேயுங்கோ, ரசீதைத் தொலைக்காதேயுங்கோ. ட்ரெய்லர் கழுவின ரசீதும் அப்படித்தான், 2016ல் அமெரிக்கா உணவுப் போக்குவரத்துச் சுத்த விதி கொண்டுவந்த பிறகு முந்தின லோட் என்ன, எங்கே கழுவினது என்று கேட்டால் காட்ட வேண்டும். சீலை நீங்களாக உடைக்காதேயுங்கோ. வழியில் பொலிஸோ போர்டரோ உடைத்தால் யார், எப்போது, புதுச் சீல் இலக்கம் என்ன என்று பில்லில் எழுதிப் படம் எடுத்து உடனே அனுப்புங்கோ. இலக்கம் மாறியிருந்தால் எடுக்கிறவர் முழு லோடையும் திருப்பி அனுப்பலாம்.

பாரம் நிறுக்கிற ஸ்கேலைக் கடந்து போகாதேயுங்கோ என்பதையும் சொல்ல வேண்டும். ரீஃபர் ட்ரெய்லர் மெஷினோடும் தடித்த சுவரோடும் ட்ரை வேனைவிடப் பாரம் கூட, மொத்தம் 80,000 ராத்தல்தான் எல்லை, ஏற்றுகிறவர் 44,000 போட்டால் எல்லை இடிக்கும். அமெரிக்காவில் 2025 யூன் முதல் ரோட்டில் மறித்து ஆங்கிலத்தில் பேசிப் பார்க்கிறார்கள், பதில் சொல்ல முடியாவிட்டால் அங்கேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் ஸ்காபரோவில் வளர்ந்திருந்தால் கவலை இல்லை, வந்து கொஞ்ச நாள் என்றால் ரோட் சைன்களை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கோ.

ஒரே ஒரு கெஞ்சல். வெள்ளிக்கிழமை பின்னேரம் யார்டில் லோடோடு ட்ரெய்லரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறபோது மெஷினின் டீசல் டாங்கைப் பாருங்கோ. அது ட்ரக் டாங்க் இல்லை, ட்ரெய்லருக்குக் கீழே தனியாக ஐம்பது கலன் அளவில் இருக்கும், மணிக்கு இரண்டு முதல் நாலு லிட்டர் குடிக்கும். கால்வாசியோடு விட்டுப் போனால் சனி இரவு எனக்குத்தான் ஃபோன் வரும். அப்போது நான் யாருடையாவது சாமத்திய வீட்டில் சேலையோடு நின்றுகொண்டு ட்ரைவர் தேட வேண்டும்.


ஸ்காபரோ பொடியன்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தேன். அக்கா சொன்னபடி அந்த மிசிசாகா கம்பனிக்கு ஃபோன் எடுத்து டி4 கேட்டேன். "முதல் மூன்று மாதம் இன்கார்ப்பரேஷன்தான், பிறகு பார்ப்போம்" என்றார். கிளெயிம் பற்றிக் கேட்டதும் "எங்களிடம் கிளெயிமே வருவதில்லை" என்று சிரித்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். கேம்ப்ரிட்ஜ் பக்கம் சின்ன ரீஃபர் கம்பனி ஒன்று, பதினைந்து ட்ரக்தான், வேர்ஹவுஸில் என்னோடு வேலை செய்தவரின் மச்சான் அங்கே ஓடுகிறார். டி4, எட்டு வாரம் ட்ரெய்னிங், முதல் மூன்று வாரம் ட்ரெய்னர் முன் சீட்டில் என்று கடிதத்திலேயே எழுதித் தந்தார்கள். கலிபோர்னியா இல்லை, லெமிங்டன் க்ரீன்ஹவுஸிலிருந்து சிகாகோ, ஒஹாயோ, அப்படிச் சின்ன ஓட்டம். காசு மற்றதைவிடக் குறைவு. அம்மாவுக்கும் சந்தோஷம், சிகாகோ என்றால் பக்கம் என்று நினைக்கிறா, நான் திருத்தவில்லை.

ஞாயிறு பின்னேரம் முதல் லோட். தக்காளி, கெப்சிக்கம், கக்கம்பர் எல்லாம் கலந்து. பில்லில் 50 ஃபாரன்ஹீட் என்று போடுவார்களாம். பதினெட்டுச் சில்லு அண்ணா, மூன்றுக்கும் ஒரே டிகிரி சரிவருமா? ட்ரை வேன் அண்ணா, உங்கள் பேச்சையும் மறக்கவில்லை, பின்பக்கம் எடுப்பதைச் சனிக்கிழமை யார்டில் நாலு மணி நேரம் பழகினேன்.


பதினெட்டுச் சில்லு

நல்ல முடிவு தம்பி.

கலப்பு லோட் எப்போதும் ஒரு சமரசம்தான். தக்காளிக்கு 55 நல்லது, கெப்சிக்கத்துக்கு 45 பக்கம், கக்கம்பர் 50இல் நிம்மதியாக இருக்கும். அதனால்தான் 50. நீங்கள் கெட்டித்தனம் காட்டி ஒன்றுக்காக மாற்றப் போகாதேயுங்கோ, பில்லில் என்ன இருக்கோ அதுதான் உங்களுக்குச் சட்டம். தக்காளியிலிருந்து பழுக்கவைக்கிற எத்திலீன் வாயு வரும், அது கக்கம்பரை மஞ்சளாக்கும், ஒரு நாள் ஓட்டத்துக்குப் பெரிதாகப் பாதிக்காது, அதே சேர்மானத்தில் நாலு நாள் என்றால் நான் யோசிப்பேன். வாழைப்பழ லோட் எப்போதாவது வந்தால் ஞாபகம் வைத்திருங்கோ, அதற்கு 58, செல்சியஸில் 14. 13க்குக் கீழே போனால் தோல் சாம்பல் நிறமாகும், பழுக்கவும் பழுக்காது. அதைக் கூடக் குளிராக்கினால் நல்லது என்று நினைத்து மாட்டினவர்கள் இருக்கிறார்கள்.

குளிர்காலம் கேட்டிருந்தீர்கள், ஒருவரும் பதில் சொல்லவில்லை. டிசம்பரில் வெளியே -20 என்றால் அந்த மெஷின் சூடாக்கும், குளிராக்காது. 50இல் வைத்த தக்காளிக்கு அது ஹீட்டர். ஆகவே குளிர்காலம்தானே, மெஷின் நின்றால் என்ன என்று நினைக்கக் கூடாது, கோடையில் நின்றால் பழுதாகும், தையில் நின்றால் கல்லாகும். மெஷின் டாங்கில் கோடைக்கால டீசல் மிச்சம் இருந்தால் குளிரில் உறைந்து மெழுகு பிடிக்கும், முதல் பனிக்கு முன் குளிர்கால டீசலுக்கு மாற்றிவிட்டார்களா என்று யார்டில் கேளுங்கோ.

லெமிங்டனில் ஏற்றிவிட்டு 77ஆம் ஹைவேயால் 401க்கு ஏறி விண்ட்ஸர் வருவீர்கள் என்று நினைக்கிறேன். அம்பாசடர் பிரிட்ஜுக்கு முன் ஹியூரன் சர்ச் ரோட்டில் சிக்னல் வரிசையாக இருக்கும், ஞாயிறு இரவு என்றாலும் ட்ரக் நிறைய நிற்கும். அங்கே கார்க்காரர் இடைக்குள் நுழைவார்கள், முன்னுக்கு இடம் விட்டே உருட்டுங்கோ. சீல் இலக்கத்தை ஏறும்போதே படம் எடுங்கோ. காதுக்குள் வைக்கிற பஞ்சு வாங்கினால் மலிவானது வாங்காதேயுங்கோ, ஆனால் ஒரு காதுக்கு மட்டும் வையுங்கோ, மற்றக் காது மெஷினுக்கு.

திங்கள் இரவு நான் தெற்கிலிருந்து ஐ-75இல் ஏறி வருவேன், டொலீடோ பக்கம் நிற்பேன். உங்கள் லோட் ஒஹாயோவாக இருந்தால் இங்கே எழுதுங்கோ, ஃப்ளாஸ்க்கில் தேத்தண்ணி இருக்கும்.